ஒரே ஒரு விவரம்தானே

ஆண்டு 9, நாள் 212. 06:10

வழக்கமான பதிவு. திரை நிலையம், செவ்வாய்ச் சுற்றுப்பாதை. காற்றழுத்தம் சரி. மின்கலங்கள் சரி. தண்ணீர் சுத்திகரிப்பான் முனகுகிறது, அதுவும் வழக்கம்தான். நேற்று கீழிருந்து வந்த மருத்துவப் பதிவுகள் 296. அடையாளம் உரித்து பூமிக்கு அனுப்பியவை 296.

இதைப் பிற்காலத்தில் கண்டெடுத்துப் படிப்பவர் யாரோ, அவருக்காக ஒருமுறை விளக்கிவிடுகிறேன். கீழே ஒரு பெரும்பள்ளத்துக்குள் கிண்ணக்குழி என்ற குடியிருப்பு இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கனிமம் எடுக்க வந்த குடும்பங்கள். ஆளுக்கொரு கைப்பட்டை கட்டியிருக்கிறார்கள். நாடி, மூச்சு, தூக்கம் எல்லாவற்றையும் அது குறித்துக்கொள்ளும். மருத்துவமனைக் குறிப்புகளும் அதோடு சேரும். பெயர் கீழேயே எண்ணாகிவிடும். மிச்சமிருக்கும் அடையாளங்களை எடுத்துவிட்டு, செம்புழுதி நோயை ஆராயும் பூமி மையத்துக்கு அனுப்புவது என் வேலை.

இந்த வேலைக்கு ஏன் ஓர் ஆளை வானத்தில் தனியாக உட்கார வைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். கிண்ணக்குழிக்குள் ரகசியம் நிற்காது. காலையில் ஒருவர் தும்மினால் மதியத்துக்குள் ஏழு வீட்டு மிளகு ரசம் வந்துவிடும். அதனால் அங்கே சொந்தம், ஊர்க்காரர், உடன் படித்தவர் என்று ஒருவரும் இல்லாத ஆளாகத் தேடிப் பிடித்தார்கள். நான் கோபிச்செட்டிபாளையம். அவர்கள் முகம் எனக்குத் தெரியாது, என் பெயர் அவர்களுக்குத் தெரியாது. என்னை ‘மேலக்கா’ என்கிறார்களாம். டாக்டர் ஜெபக்கனி சொன்னார். கீழே நான் பேச அனுமதி உள்ள ஒரே ஆள் அவர்தான்.

நாள் 219. 09:30

பூமியிலிருந்து செய்தி. ஆய்வுத் தலைவர் பேராசிரியர் ஆதிநாராயணன்.

“வணக்கம் அம்மா. தங்கள் தரவுகள் மிகச் சிறப்பு. செம்புழுதியால் சிலருக்கு மட்டும் இதயத் துடிப்பு தடுமாறுகிறது. ஏன் சிலருக்கு மட்டும் என்பதுதான் கேள்வி. அவர்கள் செய்யும் பணி என்ன என்ற விவரத்தையும் இணைத்து அனுப்புங்கள்.”

நியாயமான கேள்வி. அனுப்பினேன். துணைக் கருவிகள் சரி. காலை உணவு உப்புமா என்று பெயர் ஒட்டிய ஏதோ ஒன்று.

நாள் 226. 11:05

பணிக்குப் பின் வயது கேட்டார். வயதுக்குப் பின் திருமணமானவரா என்று கேட்டார். இப்போது முன்பிருந்தே எடுத்துவரும் மாத்திரைகள். ஒவ்வொரு முறையும் அதே வாக்கியம்.

“ஒரே ஒரு விவரம்தானே அம்மா? பெயரையா கேட்டோம்?”

மூன்று பக்கம் விளக்கி எழுதினேன். ஐயா, இது சென்னை இல்லை. இங்கே 296 பேர். உள்ளே இருக்கும் காற்று வெளியேறாமல் காக்கும் காற்றுப்பூட்டுக் கதவுகளைப் பராமரிக்கும் பெண்கள் நான்கு பேர். அதில் மணமாகாதவர் ஒருவர். அவருடைய மாத்திரையை நான் எழுதினால் அது பெயரை எழுதியதைவிட மோசம், பெயரோடு மாத்திரைச் சீட்டையும் சுவரில் ஒட்டியது மாதிரி. இப்படி எழுதினேன்.

ஆய்வை மேற்பார்க்கும் நெறிமுறைக் குழு பதில் அனுப்பியது. “பெயர் நீக்கப்பட்டுள்ளது. ஆகவே அந்தரங்கம் காக்கப்பட்டுள்ளது. தரவை உடனடியாக அனுப்பவும்.” அந்த ‘ஆகவே’யைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது. அந்தக் குழுவில் ஒருவராவது நானூறு பேருக்குக் குறைவான ஊரில் ஒரு வாரம் இருந்து பார்த்திருப்பார்களா?

அனுப்பினேன். அனுப்பாவிட்டால் என்னைத் திரும்ப அழைத்துக்கொண்டு, கேள்வி கேட்காத ஒருவரை அனுப்புவார்கள். இந்தச் சமாதானம் எனக்கே பிடிக்கவில்லை.

நாள் 251. 07:15

ஆய்வறிக்கை வெளியானது. கிண்ணக்குழிக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. தரவு தந்தவர்களுக்கு முடிவைச் சொல்ல வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான்.

ஆய்வும் நல்ல ஆய்வு. அதைச் சொல்லாவிட்டால் அநியாயம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஒரு குறிப்பிட்ட மாத்திரையும் செம்புழுதியும் உடம்பில் சேரும்போது இதயம் தடுமாறுகிறது. மாத்திரையை மாற்றினால் போதும், தடுமாற்றம் நின்றுவிடும். ஓர் உயிரை நிச்சயமாகக் காப்பாற்றக்கூடிய கண்டுபிடிப்பு.

இருபத்தாறாம் பக்கத்தில் ஓர் அட்டவணை. தலைப்பு, ‘எடுத்துக்காட்டு நோயாளி’. எண் 207. பெண். வயது 38. மணமாகாதவர். காற்றுப்பூட்டுப் பராமரிப்பு. மனச்சோர்வுக்கு நான்கு ஆண்டுகளாக மாத்திரை.

கிண்ணக்குழியில் யாரும் முடிவைப் படிக்க மாட்டார்கள். இருபத்தாறாம் பக்கத்தைப் படிப்பார்கள்.

நாள் 252. 18:40

டாக்டர் ஜெபக்கனி மூடிய இணைப்பில் பேசினார். ஒளிக்கற்றை வழி, வேறு யாரும் கேட்க முடியாது. அப்படியே பதிகிறேன்.

“காலையிலருந்து அந்தப் பிள்ளை வீட்டு வாசல்ல வரிசை கட்டி நிக்காவ. நலம் விசாரிக்க வந்திருக்காவளாம். ஒருத்தி அல்வா கிண்டிக் கொண்டாந்திருக்கா. ஒருத்தரு, ‘மனச விட்டுப் பேசும்மா’ன்னு சொல்லிட்டு ரெண்டு மணி நேரம் அவரே பேசிட்டுப் போயிருக்காரு. எவனும் கெட்ட எண்ணத்துல வரல, அதான் எனக்கு ஆத்தாமையா வருது. திட்டக்கூட முடியல. அவ கதவத் தாழ் போட்டுட்டா. மாத்திரைய மாத்தணும்னு நான் போனா, எனக்கும் தொறக்கல. ‘உங்ககிட்டச் சொன்னதுதான டாக்டர் பூமி வரைக்கும் போயிட்டு வந்திருக்கு’ங்கா.”

விசாரிக்காமல் இருந்தால் பகை என்று நினைக்கும் ஊர். வாசலில் சாப்பாட்டு டப்பாக்கள் குவிந்திருக்கின்றன. மாற்றவேண்டிய மாத்திரையை அவள் இன்னும் விழுங்கிக்கொண்டிருக்கிறாள். என் எரிச்சலை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. சுத்திகரிப்பானை ஓர் அடி அடித்தேன். அது முனகுவதை நிறுத்தவில்லை.

நாள் 255. 13:20

பராமரிப்பு ஆட்கள் பயன்படுத்தும் அலைவரிசையில் ஒரு குரல் என்னைக் கூப்பிட்டது. விதிப்படி நான் பதில் சொல்லக் கூடாது, சொல்லவும் இல்லை. அவள் அதை எதிர்பார்க்கவுமில்லை.

“மேலக்கா, கேக்குதா? நான்தான் அந்த அட்டவணையில நிக்கிறவ. எம் பேர எடுத்துட்டீங்களாம். பேர மட்டும் எடுத்துட்டு என்னைய நடுத்தெருவுல நிறுத்திட்டீங்களே. ஒம்பது வருசமா இந்தக் கதவுகள நான்தான் பூட்டுதேன், நான்தான் தொறக்கேன். ஒருத்தரும் ஒரு வார்த்த கேட்டதில்ல. இப்ப நான் பூட்டின கதவ இன்னொருத்தன் வந்து இழுத்துப் பாக்கான். என் கண்ணு முன்னாலயே இழுத்துப் பாக்கான். அவனும் நேத்து எனக்குச் சாப்பாடு கொண்டாந்தவன்தான். சரி, வைக்கேன்.”

பத்து நிமிடம் ஒலிவாங்கியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு அனுமதி இல்லை.

நாள் 263. 08:00

296 பதிவுகள். மின்கலம் சரி.

ஒரு விநோதம். நேற்றைய பதிவுகளில் பதினொரு பேரின் இதயம் ஒரே நொடியில் துடிக்கிறது. ஒரே நொடியில் மூச்சு இழுக்கிறார்கள். ஒரே நேரத்தில் மாடிப்படி ஏறி, ஒரே நேரத்தில் இருமுகிறார்கள்.

கருவிக் கோளாறு என்று அரை நாள் தேடினேன். கோளாறு இல்லை. பதினொரு பட்டைகளையும் ஒரே ஆள் கட்டியிருக்கிறார்.

நாள் 266. 10:10

இப்போது நாற்பத்து நான்கு. ஒரு மனித உடம்பில் கை, கால், முழங்கால் என்று எத்தனை கட்ட முடியுமோ அத்தனையும் கட்டியாகிவிட்டது போலிருக்கிறது.

டாக்டர் ஜெபக்கனி: “யாரு கட்டியிருக்கான்னு ஒரு ஆளு வாயத் தொறக்க மாட்டேங்காவ. என் வீட்டுக்காரருகூடச் சொல்ல மாட்டேங்காரு. அவரு கையிலயும் பட்டை இல்ல. கேட்டா, ‘உங்கிட்டச் சொன்னா அது மேல போவும், மேல போனா பூமிக்குப் போவும், பூமிக்குப் போனா மறுநாளு அல்வா வரும்’ங்காரு.”

இத்தனை வருடம் தும்மலைக்கூட மறைக்கத் தெரியாத ஊர் முதன்முறையாக ஒரு ரகசியத்தைக் காப்பாற்றுகிறது. டாக்டரிடமிருந்து.

பூமிக்கு எச்சரிக்கை அனுப்பினேன்: நாற்பத்து நான்கு பதிவுகள் பொய், ஒரே ஆளுடையவை, நீக்கவும். பதில் வரவில்லை.

நாள் 270. 05:50

புழுதிப்புயல். கிண்ணக்குழி மேலிருந்து பார்த்தால் தெரியவில்லை. ஒளிக்கற்றை புழுதியைத் தாண்டாது, ஆகவே டாக்டரோடு மூடிய இணைப்பு இல்லை. பட்டைகளின் சமிக்ஞை வருகிறது. பொது அலைவரிசை வேலை செய்கிறது. அதில் பேசினால் உணவுக்கூடத்திலிருந்து சுரங்கம் வரை எல்லா ஒலிபெருக்கியிலும் கேட்கும்.

06:30. நாற்பத்து நான்கு இதயங்களும் தடுமாறுகின்றன. இரண்டு துடிப்பு, ஓர் இடைவெளி. மூன்று துடிப்பு, நீண்ட இடைவெளி. ஆய்வறிக்கையில் பதினான்காம் பக்கத்தில் இருக்கும் அதே தடுமாற்றம்.

யார் இது? கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒவ்வொரு இதயத்துக்கும் தனி நடை உண்டு. பழைய பதிவுகளோடு ஒப்பிட்டால் எண் கிடைத்துவிடும். ஆனால் உரித்த அடையாளத்தைத் திரும்ப ஒட்டமாட்டேன் என்று நான் உறுதிமொழி எடுத்திருக்கிறேன். குழு அனுமதித்தால் மட்டுமே செய்யலாம். அனுமதி கேட்டு அனுப்பியாயிற்று. செய்தி போகப் பதினைந்து நிமிடம், வரப் பதினைந்து நிமிடம்.

நாள் 270. 07:25

பதில். முதலில் பேராசிரியர்.

“அம்மா, நம்பவே முடியவில்லை! நாற்பத்து நான்கு பேருக்கு ஒரே நேரத்தில் தடுமாற்றமா? உலக ஆய்வு வரலாற்றிலேயே இப்படி ஒரு கூட்டுப் பாதிப்பு பதிவானதில்லை. அந்த நாற்பத்து நான்கு பேருக்கும் ஒரே ஒரு விவரம் மட்டும்…”

அதற்குமேல் கேட்கவில்லை. நாற்பத்து நான்கு பேர் இல்லை, ஓர் ஆள், ஓர் ஆள் என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும்?

அடுத்து நெறிமுறைக் குழுச் செயலர்: “தங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது. பொங்கல் விடுமுறை முடிந்து குழு கூடியதும் பரிசீலிக்கப்படும். அதுவரை நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்கும் தங்கள் கடமையை நினைவூட்டுகிறோம்.”

எனக்கு நினைவூட்டுகிறார்கள்.

07:40. ஒப்பிட்டேன். யாரும் அனுமதிக்கவில்லை, நானே செய்தேன். எண் 207.

வேறு யாராக இருக்கும்? ஊருக்கே தெரிந்துபோன பிறகு மறைக்க ஒன்றுமில்லாதவள் அவள்தான். மற்றவர்களுக்கு இன்னும் இருக்கிறது. ஒருவருக்குச் சர்க்கரை, ஒருத்திக்குக் கலைந்த கரு, ஒருவருக்குக் குடி. ‘உங்களதையும் நானே கட்டிக்கிடுதேன், குடுங்க’ என்று அவள் கை நீட்டியிருப்பாள். அவளிடம் ரகசியத்தை ஒப்படைக்க அந்த ஊருக்கு நம்பிக்கை வந்திருக்கிறது. எங்களிடம் வராத நம்பிக்கை.

நாள் 270. 08:05

பொது அலைவரிசையில் முதல்முறையாகப் பேசினேன். “நான் மேலே இருக்கும் காப்பாளர். மற்றவர்களின் பட்டைகளைக் கட்டியிருப்பவர் யாராக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் இதயத்துக்கு ஆபத்து. அந்த மாத்திரையை நிறுத்துங்கள்.”

உணவுக்கூடத்திலிருந்து ஓர் ஆண் குரல்: “அப்படி யாரும் கட்டலயே மேலக்கா. அவனவன் பட்ட அவனவன் கையில இருக்கு.”

ஒரு பெண் குரல்: “நாங்க எல்லாரும் சொகமாத்தான் இருக்கோம். நீங்க சாப்டீங்களா?”

டாக்டர் ஜெபக்கனியின் குரல் இடையில் புகுந்தது: “எவரா இருந்தாலும் வாங்கய்யா! நான் எழுதி வைக்க மாட்டேன், சத்தியமா எழுத மாட்டேன்!”

08:20. இடைவெளிகள் நீள்கின்றன.

டாக்டருக்குச் சொன்னால் ஓடிப்போய்ப் பார்ப்பார். அவருக்கு மட்டும் சொல்ல வழியில்லை. ‘207’ என்று சொல்லிப் பார்த்தேன். புயல் இரைச்சலில் டாக்டர் இரண்டு முறை, “எந்த எண்ணு? என்ன எண்ணு?” என்று கேட்டார். மூன்றாம் முறை அவர் குரலே வரவில்லை. எண் அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை, ஒலிபெருக்கிகள் மட்டும் என் குரலை ஊருக்குக் கொண்டுபோகின்றன. பக்கத்தில் நிற்பவர்களுக்கு எண் நினைவிருக்காது. அட்டவணையின் அந்த வரிதான் நினைவிருக்கும்.

அந்த வரியை மறுபடி ஊருக்கே வாசிக்க வேண்டும். நானே, என் வாயால்.

08:31. வாசித்தேன். “பெண். வயது முப்பத்தெட்டு. காற்றுப்பூட்டுப் பராமரிப்பு. மணமாகாதவர். அவர் எங்கே இருந்தாலும் டாக்டரை அங்கே கூட்டிப் போங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.”

அந்த முதல் ஆண் குரல், மிகவும் தணிந்து: “மறுபடியுமா, மேலக்கா?”

நாள் 270. 08:44

ஒரு பட்டை அணைந்தது. இன்னொன்று. நாற்பத்து இரண்டு. நாற்பது.

கழற்றுகிறார்கள்! இதயம் நின்றால் எல்லாம் ஒன்றாக அணையும். ஒவ்வொன்றாக அணைகிறதென்றால் யாரோ பக்கத்தில் இருந்து கழற்றுகிறார்கள். ஆட்கள் போய்விட்டார்கள். டாக்டர் போயிருப்பார். முப்பத்து ஒன்று. இருபத்து எட்டு. எனக்குக் கண்ணீர் வருகிறது, எடையில்லாத இங்கே அது கன்னத்தில் வழியாமல் கண்ணிலேயே திரண்டு நிற்கிறது, திரையே தெரியவில்லை. பத்தொன்பது. வேகமாகக் கழற்றுங்கள். பதினாறு

பதினாறும் ஒன்றாக அணைந்தன.

08:52

08:52

நாள் 273. 16:00

புயல் அடங்கியது. மூடிய இணைப்பு வந்தது. டாக்டர் ஜெபக்கனி அழுது முடித்த குரலில் பேசினார்.

“நீங்க வாசிச்ச உடனேயே ஓடியிருக்காவ. வெளிக்கதவுப் பக்கம் மயங்கிக் கெடந்திருக்கா. ஆனா என்னையக் கூப்பிடல. அவனவன் பட்டைய அவனவன் கழட்டிக்கிட்டு இருந்திருக்கான். நான் வந்தா யாரு யாரு பட்டைன்னு பாத்துருவேனாம். கழட்டி முடிச்சிட்டுக் கூப்பிடலாம்னு இருந்தாவளாம். ஏழெட்டு நிமிசம். எனக்கு அந்த ஏழெட்டு நிமிசம் போதும். பக்கத்துக் கட்டடத்துலதான், அவ வீட்டுக் கதவத் தட்டிக்கிட்டு நின்னேன். அவ பேரு…”

இணைப்பைத் துண்டித்தேன். வேண்டாம். அந்தப் பெயர் ஒன்றுதான் இதுவரை யாரும் மேலே அனுப்பாதது.

அவர்கள்மேல் கோபப்பட முயன்று பார்த்தேன், முடியவில்லை. அவர்களுக்குப் பயத்தைக் கற்றுக்கொடுத்தது இருபத்தாறாம் பக்கம். அதற்கான வரியை அனுப்பியது நான்.

நாள் 274. 09:00

கடைசிப் பதிவு.

பூமியிலிருந்து செய்தி: ஆழ்ந்த இரங்கல். அத்துடன், இறந்தவர் மாத்திரையைக் கடைசியாக எப்போது எடுத்தார் என்ற விவரம். ஒரே ஒரு விவரம்தான்.

பதில் அனுப்பப் போவதில்லை. இந்த நிலையத்தில் இருக்கும் எல்லாப் பதிவுகளையும் அழித்துவிட்டேன். மாத்திரை பற்றிய எச்சரிக்கையை மட்டும் கிண்ணக்குழியின் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக அனுப்பியிருக்கிறேன், மாத்திரை எடுப்பவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் ஒரே மாதிரி. என்னை அழைத்துப்போக விண்வெளி ஓடம் வருகிறதாம். வரட்டும்.

இந்தக் குறிப்பை அழிக்க மனம் வரவில்லை. இப்படி ஒருவர் இருந்தார் என்பது எங்காவது இருக்க வேண்டும். அதனால் உட்கார்ந்து முதல் பதிவிலிருந்து திருத்தினேன். இதைக் கண்டெடுத்தவரே, கேளுங்கள். அவர் எண் 207 இல்லை. வயது முப்பத்தெட்டு இல்லை. கதவு பூட்டும் வேலை இல்லை. நோய் வேறு, மாத்திரை வேறு, ஊரின் பெயரும் வேறு. ‘அவள்’ என்று எழுதியிருக்கிறேன், அதையும் நம்ப வேண்டாம். எந்த நாளில் நடந்தது என்பதும் நான் எழுதிய நாள் இல்லை. நடந்தது மட்டும் நடந்தது. நீங்கள் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் அவரைக் கண்டுபிடிக்க முடியாது, முயன்று பாருங்கள்.

எல்லாவற்றையும் மாற்றி முடிக்க எனக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.